கலப்படம்

சுத்த வெள்ளீயம்தான் வேண்டும், நூற்றுக்கு நூறு,
என்றார் சபைப் பொருளாளர் எண்டல் கிவிசார்.
லெய்டா அம்மாள் உயிலெழுதி வைத்த பணமாம்.
காரீயம் ஒரு பொட்டுகூடச் சேரக் கூடாதாம்.
பால்காரியிடம் பேசுவதுபோல்
என் கையைப் பார்த்தே பேசினார்.

ஒரு வெள்ளீயப் பட்டையை அவர் காதோரம் வளைத்தேன்.
கிறீச்சென்று அழுதது.
"அதற்கு வலிக்கிறதா?" பாவம், கேட்டேவிட்டார்.
உள்ளே படிகங்கள் புரண்டு படுக்கின்றன,
வேறொன்றுமில்லை.

சாரேமா தீவில் தேவாலயத்துக்குக் கணப்பு இல்லை.
ஜனவரியில் பாட்டுப் புத்தகத்தின் தாள்
தகடுபோல் திரும்பும்.
பழைய ஆர்கனின் முன்வரிசை, வடக்குச் சுவரோரக் குழல்:
முதலில் ஒரு சாம்பல் மரு.
மறு குளிருக்கு உள்ளங்கையளவு.
கிவிசாரைக் கூட்டிப்போய்
விரலை வைக்கச் சொன்னேன்.
விரல் உள்ளே போனது.
துரு இல்லை. பூச்சி இல்லை. யாரும் அடிக்கவில்லை.
ஒட்டிக் கிடந்ததெல்லாம் குளிரில் விலகி
மாவாகிவிட்டது,
அத்தனை சுத்தம்.

தனிக் காரீயம் வேறு கதை.
நின்றபடியே, தன் பாரத்தில்,
கொஞ்சம் கொஞ்சமாய் முழங்கால் மடங்கும்.

வெள்ளிக்கிழமை கொப்பரையில் பாதிக்குப் பாதி போட்டோம்.
தனியாக இருந்தால் ஒன்று
இருநூற்று முப்பத்திரண்டு பாகை கேட்கும்,
மற்றது முந்நூற்று இருபத்தேழு.
சேர்ந்தால் நூற்று எண்பத்து மூன்றிலேயே
இளகத் தொடங்குகின்றன.
யார் யாரை இளக்கியது என்று
நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், தெரியவில்லை.

ஹில்வே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
பெட்டியைப் பிடித்து மேசை நீளத்துக்கும் ஓடினோம்.
துணிமேல் ஒரே வெள்ளிப் பரப்பு.
பேசக் கூடாது, மூச்சும் மெல்ல.
பிறகு, புழுதியில் முதல் தூற்றல்போல்
ஒரு புள்ளி.
பத்து.
அப்புறம் எண்ண முடியாது.
ஹில்வே இன்னமும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறாள்.

ஆறியதும் ஓரம் நறுக்கி வளைத்துப் பார்த்தோம்.
அழுகை அடங்கியிருந்தது.

கணக்குச் சீட்டில் "காரீயம், பாதி" என்றே எழுதினேன்.
கையெழுத்துப் போட அரைமணி எடுத்தார் கிவிசார்.
போட்டார்.

மீந்த சுத்த வெள்ளீயத்தில் விரல்நீளக் குழலொன்று செய்து
அவருக்கே கொடுத்தேன்.
அலுவலக அடுப்புக்கு மேலே வைத்திருக்கிறார்.
அங்கே சூடு குறைவதில்லை.
பளபளவென்று இருக்கிறது.
ஊதிக் காட்டச் சொல்லி
யாரும் கேட்டதில்லை.