நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

காக்கி புக்கிட், ஆறாவது மாடி.
லாரிகள் வளைந்தேறும் சரிவுக்கு
எதிர்க்கதவு எங்களுடையது.
ஈரப்பதம் அளக்கும் பலகை செய்கிறோம்,
தீப்பெட்டியைவிடச் சிறியது.
மூடியில் நான்கு திருகாணி,
யார் வேண்டுமானாலும் கழற்றலாம்.
உள்ளே ஓடுவதை மட்டும்
பதினோரு ஆண்டு பூட்டியே வைத்திருந்தோம்.

"இதை எனக்கு விற்றீர்களா,
வாடகைக்கு விட்டீர்களா?"
வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதை
முதலாளி ஹோக் லியோங் அச்சடித்துக்
கழிவறைக் கதவில் ஒட்டினார்.
ஒன்பது மாதம் அது அங்கேயே இருந்தது.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்க,
"எல்லாத்தையும் திறந்துடலாம்" என்றார்,
ஜன்னலைச் சொல்வதுபோல.

முந்தின இரவு
மூல நிரலைக் கூட்டிப் பெருக்கும் வேலை எனக்கு.
கெட்ட வார்த்தைகளை நீக்கு, பெயர்களை நீக்கு
என்றிருந்தார் வழக்கறிஞர்.
ரோஸ்னா ஹொக்கியனில் திட்டியது மூன்று இடம்.
'தற்காலிகம்' என்று நான் கொடுத்த முட்டு
பத்தாண்டாய்க் கூரையைத் தாங்குகிறது.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி:
ஏழு மில்லிவினாடி காத்திரு.
பக்கத்தில் என் குறிப்பு:
'ஏன் ஏழு, தெரியாது. தொடாதே.'

அழித்தேன்.
கடைசிப் பேருந்து போன சத்தம் கேட்டது.
திரும்பப் போட்டேன்.
அத்தனை ஆயிரம் வரியில்
பொய் சொல்லாதது அது ஒன்றுதான் என்று பட்டது.

பதினேழாம் நாள்
மொம்பாசாவிலிருந்து ஒருவர் எழுதினார்:
ஏழல்ல, ஒன்பது.
மீன் வைக்கும் குளிர்கிடங்கில்
சில்லு தாமதமாய் விழிக்கிறதாம்;
ஏழில் பாதித் தூக்கமாம்.
மூன்று இரவு, கையுறை போட்டுக்கொண்டு
அளந்திருக்கிறார், காசு கேட்கவில்லை.
குளிரில் நாங்கள் சோதித்ததே இல்லை.
இங்கே குளிர் ஏது,
கூட்ட அறையைத் தவிர?

வானொலிச் சில்லுக்குள் எண்பது கிலோபைட்
இன்னும் மூடியே இருக்கிறது.
அது வேறு கம்பெனிக்காரனுடையது.
மாதம் ஒரு கடிதம் போடுகிறார் ஹோக் லியோங்.
பதில்: 'உங்கள் கருத்துக்கு நன்றி.'
கழிவறைக் கதவில் இப்போது அது தொங்குகிறது.

இன்று ஏழை ஒன்பதாக்கினேன்.
'தொடாதே'யை எடுத்தேன்.
'தெரியாது' இருந்த இடத்தில்
தெரிந்தவர் பெயரைப் போட்டேன்,
வழக்கறிஞர் என்ன சொன்னாலும்.
ம்வின்யி.
தமிழில் எந்தச் சொல்லும்
இப்படித் தொடங்காது என்று
பள்ளியில் படித்திருக்கிறேன்.
மெய்யில் தொடங்கும் பெயர்.
பிழை இருக்கிறதா என்று
மூன்று முறை பார்த்தேன்.