குறுக்கே ஆடிய தலை

ஒரு முத்திரை குறைகிறதென்று
இஸ்தான்புல் ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள்.
ஸ்விலெங்கிராத். பல்கேரியாவின் ஓரத்து நிலையம்.
தொண்ணூற்றேழு பிப்ரவரி, இரவு ஒன்றே கால்.
எனக்கு இருபத்து மூன்று வயது,
காலில் கான்வாஸ் ஷூ.

ரயில் போன பிறகு
பனி விழும் சத்தம்கூடக் கேட்டது.
பனிக்குச் சத்தமில்லை என்பவர்கள்
அதனடியில் தனியாக நின்றிருக்க மாட்டார்கள்.

சீட்டுக் கவுண்டரில் ஒரு பெண்.
கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்து
தூங்க இடமுண்டா என்று நடித்துக் காட்டினேன்.
அவள் தலை இடம் வலமாக ஆடியது.
சரி, இல்லை.
பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த நாட்டில் அதுதான் ஆமாம்.
யார் சொன்னார்கள் எனக்கு?
ஆமாமுக்கும் இல்லைக்கும் நடுவே எங்கோ
தலையாட்டியே காரியம் முடிக்கும் ஊர்க்காரி நான்.

பின்னால் ஓடிவரும் பூட்ஸ்.
தோளிலிருந்த பையை ஒரு கை பற்றியது,
மறு கையில் நீளமான சுத்தியல்.
கற்றுவைத்திருந்த நாலு மொழியும் ஓடிப்போக
அடிவயிற்றிலிருந்து வந்தது ஒரே சொல்:
"திருடா!"

அவர் நின்றார்.
பையைப் பனியில் வைத்தார், சுத்தியலையும்.
இரண்டடி பின்வாங்கி
வெறுங்கைகளை விரித்துக் காட்டினார்.
பிறகு மஞ்சள் வெளிச்சமிருந்த ஒரு வாசலை.
அங்கே அந்தப் பெண், கோட்டுகூடப் போடாமல்,
இடம் வலம் இடம் வலமென்று
கழுத்து சுளுக்கும்படி தலையாட்டிக்கொண்டு.

பென்கா அவள் பெயர்.
அவர் ரங்கெல்; சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பவர்.
யாரோ எங்கள் பக்கத்து ரங்கன்
கடைசி எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு
அங்கே போய் உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

நிலக்கரி அடுப்பு. அதன்மேல் என் ஈர ஷூ.
பென்காவின் கம்பளிக் காலுறைகள், குதிகாலில் வேறு நிற நூல்.
ரொட்டி, சிவப்புக் குடைமிளகாய்த் துவையல்.
இன்னும் வேண்டுமா என்று கத்தியைக் காட்டினாள்.
வேகமாக மேலும் கீழும் ஆட்டினேன்.
ரொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.
என் முகம் போன போக்கைப் பார்த்து
சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்தாள்,
மறுபடி எடுத்து அறுத்தாள்.
மொத்தம் ஐந்து துண்டுகள் தின்றேன்.

ரங்கெல் உள்ளே வரவில்லை.
வெளிக்கூடத்துப் பெஞ்சில், தீயில்லாத குளிரில்,
முகத்தைத் தொப்பியால் மூடிப் படுத்திருந்தார்.
நான் கத்தினேனே, அதனால்.

பல வருடம் கழித்து வேறெதையோ தேடும்போது படித்தேன்:
அந்த மாதம் அங்கே
காலையில் வாங்கிய கூலி மாலைக்குள் காகிதம்;
ரொட்டிக்கு மணிக்கணக்கில் வரிசை.
ஐந்து துண்டுகள்.
கேட்டு வாங்கிய ஐந்தாவது
இப்போதும் தொண்டையில் இறங்குகிறது.

சிகரெட் பெட்டியின் உள்தாளில்
பென்கா எழுதித் தந்த முகவரி
மூன்று வீடுகள் மாறும்வரை இருந்தது.
எழுதவில்லை.
வேலை, குழந்தை என்று காரணம் சொல்லலாம்;
அந்த எழுத்துகளை நகலெடுக்கத் தெரியாது என்றும்.
உண்மை, நாளை எழுதலாம் என்றிருந்தேன்.
காலுறைகளை மட்டும் நைந்து போகும்வரை போட்டேன்.

காலை ஆறு நாற்பதுக்குத் திரும்பும் வண்டி.
ஜன்னலடியில் ரங்கெல் நின்றார்,
கண்கள் சிவந்து, மீசையில் உறைபனி.
நான் பார்த்ததும் அந்தச் சொல்லை
இரவு முழுக்க ஒத்திகை பார்த்தவர் போல்,
எங்கள் ஊர் வணக்கம் அதுதானென்ற நம்பிக்கையில்,
சுத்தியலை உயர்த்தி உரக்கச் சொன்னார்:

"திருதா!"

வண்டி நகர்ந்தது.
நான் தலையாட்டினேன்.
எந்தப் பக்கம் என்று நினைவில்லை.