திருப்புளி

நவம்பரில் வந்தது என் பிழை.
செப்டம்பரில் வந்திருக்க வேண்டும் என்றார்கள் எல்லோரும்,
ரயிலைத் தவறவிட்டவளிடம் நேரம் சொல்பவர்களைப் போல.
வகுப்புகள் நிரம்பிவிட்டன.
கடற்கரை விடுதிகள் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கிவிட்டன.
வாடைக்கு இங்கே த்ரமுந்தானா என்று பெயர்;
மூன்று நாள் அடித்தால்
ஆறு நாள் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

மாவோன் துறைமுகத்துக்கு மேலே
படிக்கட்டுத் தெருவில் மூன்று பயிற்சி நிலையங்கள்.
முதலாவதில் மணி அடித்தேன், நாய் வந்தது.
இரண்டாவதில் திருமதி போன்ஸ்
என் சான்றிதழைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார்.
"தாய்மொழி ஆங்கிலம்தானே?"

என் தாயின் மொழியில் நாக்கு சொடுக்குப் போடும்,
காய்ந்த சுள்ளி முறிவது போல.
ஆங்கிலம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் தந்தது,
சீருடையோடும் பிரம்போடும்.
இதையெல்லாம் ஸ்பானிஷில் சொல்லத் தெரியாததால்
"ஆமாம்" என்றேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
"கூப்பிடுகிறோம்" என்றார்.
மூன்றாவதை எதற்குச் சொல்வானேன்.

அன்றிரவு ஒரு தாளில் எழுதினேன்:
ஆங்கிலம். வீட்டுக்கே வருவேன். மணிக்குப் பன்னிரண்டு யூரோ.
நொமலங்கா என்று எழுதி, அடித்து,
நோமி என்றாக்கினேன்.
அடியில் கைபேசி எண்ணை எட்டு முறை எழுதி
கத்தரித்து வால் விட்டேன்.
ரொட்டிக்கடைக் கதவு, சலவைக்கடை,
மீன்சந்தையில் கணவாய் விற்பவளின் தூண்.
தினமும் போய் வால்களை எண்ணினேன்.
ரொட்டிக்கடையில் ஒன்று குறைந்திருந்தது!
அன்று முழுக்கக் கைபேசியைக் கீழே வைக்கவில்லை.
கிழித்தவன் அதில் சூயிங்கம் மடித்துப் போட்டதை
கடைக்காரி அடுத்த வாரம்தான் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு குரல். வணக்கம்கூட இல்லை.
"இலக்கணம் வேண்டாம். மூன்று வாக்கியம் போதும். வருவாயா?"

பியெல் சிந்தெஸ். படகு எந்திரம் பழுது பார்ப்பவர்.
ஐம்பத்தெட்டு வயது, இடக்காது கேட்காது.
பட்டறையெங்கும் டீசல் வாசம்;
கவிழ்த்த வாளிதான் ஆசிரியைக்கு நாற்காலி.
கோடையில் வெள்ளைப் படகுகளில் வருபவர்களிடம் சொல்ல
அவருக்கு வேண்டியவை:
இது என் தவறு அல்ல.
டீசல் தொட்டியில் நீங்கள் பெட்ரோல் ஊற்றிவிட்டீர்கள்.
முதலில் பணம்.

ஒரு மணி நேரம் சொல்லிப் பார்த்தார்.
பெட்ரோல் வந்தது, பணம் சுலபமாக வந்தது.
முதல் வாக்கியத்தில் அந்த "அல்ல" மட்டும்
கழன்று கழன்று விழுந்தது.
இது என் தவறு, இது என் தவறு என்று
பாவமன்னிப்புக்கு வந்தவர் போல உரக்கச் சொல்லிக்கொண்டே
எந்திரத்துக்குள் தலையை நுழைத்து
கையை மட்டும் பின்னால் நீட்டினார்:
"தோர்னெஸ்க்ரு."

விழித்தேன்.
விரலால் காட்டினார். திருப்புளி.
எடுத்துக் கொடுக்காமல் வாய்க்குள் பிரித்துப் பார்த்தேன்:
டர்ன். ஸ்க்ரூ.
இருநூறு வருஷத்துக்கு முன்
இந்தத் துறையை விட்டுப் போன சிப்பாய்கள்
மூட்டை கட்டும்போது மறந்தது.
"இது ஆங்கிலம்" என்றேன்.
"இது மெனோர்க்கா" என்றார். "போத்தில் என்போம், அதுவும் எங்களுடையது."
"போத்தில் என்றால்?"
பீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு, தலையை வெளியே எடுக்காமல்,
"உன் ஊர் எது?"
"புலவாயோ."
"அங்கேயும் வந்தார்களா, அவர்கள்?"
"வந்தார்கள்."
"எதை விட்டுப் போனார்கள்?"
நீட்டியபடியே இருந்த கையில்
திருப்புளியை வைத்தேன்.

கூலி பத்து யூரோ, எண்ணெய் விரல் பதிந்த நோட்டு.
மீதி இரண்டுக்கு
உள்ளங்கை அளவு பாலாடைக்கட்டி, செய்தித்தாளில் சுற்றி.
"வியாழன் வா. அந்த 'அல்ல' இன்னும் இறுகவில்லை.
என் மைத்துனி மகள் தேர்வில் தோற்றிருக்கிறாள்,
அவளுக்கு இலக்கணமே வேண்டும்.
யார் என்று சொல்ல? நோமியா?"

"நொமலங்கா" என்றேன்.

கேட்கிற காதைத் திருப்பி
"மறுபடி" என்றார்.