நூறு லிட்டர் பொழுது

கடைக்காரர் முதலில் கேட்டது
பட்ஜெட் இல்லை.
"வீட்ல எத்தன பேருங்?"
ரெண்டு பேர் என்றேன்.
"எத்தன மணிக்குக் குளிப்பீங்?"
அங்கேதான் திணறிவிட்டேன்.

வெள்ளிங்கிரிக்கு மில்லில் நிரந்தரமாய் நைட்டு.
புருவத்தில் பஞ்சோடு
எட்டரைக்கு வண்டியை நிறுத்துவார்.
ஏழே முக்காலுக்கு
நான் வீட்டைப் பூட்டியிருப்பேன்.
பல்லடத்துக்குக் கிழக்கே
வீதி வீதியாய் மீட்டர் படிக்கிற வேலை எனக்கு.
கல்யாணமாகி ஒன்பது வருசத்தில்
ஒரே காலையில் இருவர் தலையும் ஈரமாயிருந்தது
தீபாவளிக்கும் மாரியம்மன் நோம்பிக்கும்தான்.

கீசரை எனக்குத் தெரியும்.
அதன் சிவப்புக் கண்ணைப் பார்த்ததில்லை,
தின்று வைத்த யூனிட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.
மார்கழிக் கணக்கு எடுக்கப் போனால்
"இவ்வளவு எப்படிங்க ஆகும், மீட்டர்ல கோளாறு" என்று
சண்டைக்கு வருகிற வீடுகளில்
உள்ளே எங்கோ
அணைக்க மறந்த ஸ்விட்ச் ஒன்று இருக்கும்.
நான் சொல்வதில்லை.
ஒருமுறை சொன்னேன்,
நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

"செப்பு பாய்லர் வெச்சுக்கங்,
தென்னமட்டை சும்மாதான கெடக்குது"
என்றார் கொழுந்தனார்.
யார் ஊதுவது?
ராத்திரியெல்லாம் பஞ்சு போன நெஞ்சுக்குள்
காலையில் புகையுமா?

காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக் கொடுக்கும்
ஹீட் பம்ப் என்று ஒன்றைக் காட்டினார்கள்.
கரண்டு கால்வாசிதான் ஆகுமாம்.
அந்த விலைக்கு
காம்பவுண்டுச் சுவரே கட்டிவிடலாம்.
சுவரைத்தான் கட்டினோம்.

மிச்சமிருந்தது சோலார்.
பிளம்பர் சென்னிமலை
எங்கள் போர் தண்ணியை ஒரு வாய் குடித்துத் துப்பினார்.
"எண்ணூத்தம்பதடி ஆழத்து உப்புங்.
கண்ணாடிக் குழாயின்னா ரெண்டே வருசத்துல பூத்துரும்.
தட்டு மாடல் போடுங்.
உள்ள சுத்தறது வேற தண்ணி,
உங்க தண்ணி அதத் தொட்டுக்கிட்டுப் போகும்,
அவ்வளவுதானுங்."
பதினெட்டாயிரம் கூட.
மாடிப்படிக் கைப்பிடி
ஸ்டீலிலிருந்து இரும்புக்கு இறங்கியது.

அன்றைக்கு ராத்திரி
தனியாய்க் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் மிச்சம்,
எத்தனை வருசத்தில் முதல் திரும்பும்.
பேனா நின்ற இடத்தில் வேறொன்று தோன்றியது.

நான் வெயிலில் நடக்கிற நேரமெல்லாம்
அவர் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்குகிறார்.
என் கழுத்தைத் தீய்க்கிற அதே பகல்
மொட்டைமாடியில் தொட்டிக்குள் இறங்கி,
அவர் மெஷினுக்கு நடுவே நிற்கிற இரவெல்லாம்
ஆறாமல் காத்துக் கிடந்து
காலையில் அவர் தலையில் விழும்.
எங்கள் பக்கம் சூரியனுக்கும் பொழுது என்றுதான் பேர்.
அவர் பார்க்காத பொழுது,
நூறு லிட்டர்.

சொன்னேன்.
"அய்ப்பசில மழை புடிச்சுக்கிட்டா?" என்றார்.
அதற்கு ஒரு காயில் வைத்தோம்.
ஸ்விட்ச் குளியலறையில் வேண்டாம்,
அடுப்படியில், என் கண்ணில் படும்படி.
அதற்கு மட்டும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

குடிவந்த மூன்றாம் நாள்
நாலாவது வீதியில் நிற்கிறேன், போன்.
"கோகிலா, பச்சத்தண்ணியால்ல வருது."
வாஸ்துவுக்காகக் குளியலறையை
வடமேற்குக்குத் தள்ளியிருந்தோம்.
மாடியிலிருந்து நாற்பத்திரண்டு அடிக் குழாய்.
அதற்குச் சட்டை சுற்ற
சென்னிமலையும் மறந்தார், நானும் மறந்தேன்.
"அரை பக்கெட் போகட்டும், பொறுங்."

போனை அவர் அணைக்கவில்லை.
பக்கெட்டில் தண்ணி விழும் சத்தம்.
என் எதிரே
யாருடைய மீட்டரோ எண்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறது,
எதையும் குறிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
சத்தம் கொஞ்சம் தடித்தது.
அப்புறம் அவர் வாயிலிருந்து
"ஸ்ஸ்" என்று ஒன்று.
சுட்டதா, சுகமா, தெரியவில்லை.

"அந்த அரை பக்கெட்டக் கொட்டிறாதீங்" என்றேன்.
"காம்பவுண்டுச் சுவரு இன்னும் காயக்கூடாது."