நாற்பது மில்லி

லெய்டனில் மழை.
இருட்டறையில் சிட்ஸ்கேயின் வயிற்றில்
ஜெல் குளிர்ந்தது.
இருபத்தாறு வாரம்.
திரையில் ஓர் இதயம்
கூடை காலியாய்ப் பறக்கும் சைக்கிள்போல.
ரத்தம் நீர்த்துப்போனால்
ஒரு சுமைக்கு நாலு நடை.

ஊசி தொப்புள்கொடிக்குள் இறங்கியது.
பெயர் தெரியாத யாரோ
கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப்போன ரத்தம்,
நாற்பது மில்லி.

ரூலாண்ட் மறுபடி அளந்தார்.
துடிப்பு தளர்ந்திருந்தது.
"முன்னைவிட மோசமா?"
"கூடை நிறைந்திருக்கிறது.
மிதித்துப் பழகவில்லை, அவ்வளவுதான்"
என்றார். சொன்னவர்
திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

இரவெல்லாம் அவள் வலப்பக்கம் திரும்பவேயில்லை.

காலையில் அதே ஜெல், அதே குளிர்.
எண் வருமுன்னே
உள்ளிருந்து ஓர் உதை,
கருவி நழுவியது.
நிரப்பவேண்டிய கட்டம்
இன்னும் காலியாகவே.