ஓட்டை பார்ப்பவள்

பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள்,
எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.
இங்கே எனக்கு வேலை
ஓட்டை பார்ப்பது.

கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித்
தொங்கவிட்டு இரண்டு நிமிடம்
எங்கே கசிகிறதென்று பார்க்க வேண்டும்.
ஊசிமுனை அளவு போதும்,
அத்தனை பெட்டியும் திரும்பி வந்துவிடும்.

பன்னிரண்டு மணி நேரம் நின்று
ஃபெக்டரி பஸ் இறக்கிவிட்டதும்
அடுத்த ஷிஃப்ட்.
நவிந்திரனை மேசைமேல் உட்காரவைத்து
டார்ச்லைட் அடிக்கிறேன்.
கையைத் திருப்பு. வாயைத் திற. நாக்கை நீட்டு.
குதிகாலில் செம்பனை முள், பாதி உள்ளே,
சுற்றிலும் பழுத்து.
"எப்ப குத்துச்சு?"
"எது?"

பல் முளைத்த மாதம்
நாக்கு நுனியைக் கடித்தே எடுத்துவிட்டான்.
ரத்த வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தான்.
கேஎல் பெரியாஸ்பத்திரியில் பெயர் ஒன்று எழுதித் தந்தார்கள்,
தாள் இன்னும் அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது.
வலி தெரியாது, வியர்க்கவும் வியர்க்காது.

பால்மரத்திலும் பிறகு செம்பனையிலும்
மூன்று தலைமுறை வியர்த்த குடும்பம் எங்களுடையது.
இவனை ஈரச் சட்டையோடு பள்ளிக்கு அனுப்புகிறேன்.
திலகேஸ்வரி டீச்சர் ஓய்வுக்கு முன் ஒருமுறை
தலையில் தண்ணீர் விடுகிறார்.

"குடுத்து வச்சவ லா நீ,
ஊசி போட்டாக்கூட அழமாட்டான்."
"வளரட்டும், தைப்பூசத்துக்கு அலகு குத்தலாம்."
சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான்.
ஆனால் வலிக்காதவன்
முருகனுக்கு எதைக் கொடுப்பான்?

போன வாரம் பள்ளித் திடலில்
பிரவின்ராஜ் விழுந்து கத்தியிருக்கிறான்.
எல்லோரும் ஓடி வந்தார்களாம், ஐஸ்கூட வாங்கித் தந்தார்களாம்.
அன்றிலிருந்து இவன் வீட்டில் பழகுகிறான்.
நாற்காலியில் இடித்துக்கொண்டு,
கொஞ்சம் யோசித்து,
"ஐயோம்மா."
திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான்.
"இன்னும் முந்திச் சொல்லணும்ப்பா,
இடிச்ச உடனே."
மறுபடி இடிக்கப் போகிறான்.
பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று கருவாடு பொரிக்கும்போது
எண்ணெய் தெறித்து "ஸ்ஸ்" என்றேன்.
டார்ச்லைட்டோடு ஓடி வந்தான்.
என் கையை வாங்கி விரல் விரலாகத் திருப்பி
அந்தச் சிவந்த புள்ளியில் வெளிச்சத்தை நிறுத்தினான்.
"இதுக்கா?"
"ஆமா."
கிட்டக் குனிந்து பார்த்தான்,
வெகுநேரம்.
"இன்னொரு தடவ சொல்லும்மா."