மூன்று கண்ணிகள்

கெயோன் துறைமுகத்து இரும்புக்கடைக்கு
அரிசிப்பையில் மூன்று கண்ணிகள் கொண்டுபோனேன்.
நங்கூரச் சங்கிலியில் மிஞ்சியதன் கடைசி மூன்று.
கரைப் பட்டறையில் அரை நிமிடத்தில் துண்டாக்கித் தந்தார்கள்.
பட்டறை மேசை ஆடாது, அதனால்.

ஒவிதியோ கார்தெனாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
கம்பியை விரலால் அளந்தார்: பதினாலு மில்லி.
கடைசிக் கண்ணியில் ரம்பம் வழுக்கிய வரிகளைத் தடவி
"யாரோடு சண்டை?" என்றார்.

சொன்னேன்.
மூடிப்போன சால்மன் பண்ணை
கூண்டுகளைக் கழற்றிக்கொண்டு போனது.
அடியில் கிடந்த வடத்தை விட்டுவிட்டுப் போனது.
எட்டுப் பாகத்துச் சேற்றில்
எங்கள் நங்கூரம் போய் அதன் அக்குளில் மாட்டியது.
பின்னிரவில் காற்று வடக்கே திரும்பியது,
நீவாடு எதிர்த்து இழுத்தது.
தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடுபோல்
குனிந்தது ரொசால்பாவின் அணியம்.
நிமிரவில்லை.
எலிசேயோவும் நானும் மாறி மாறி
நாற்பது நிமிடம், ஒரே ஹேக்ஸா.
ஆறாவது பிளேடில் போனது
சங்கிலி. கூடவே அவன் கட்டைவிரல் நகம்.

முதலில் நீளக்கை போல்ட் கட்டரை இறக்கினார்.
என் இடுப்புயரம், சிவப்புப் பிடி.
ஒரு கையைத் தரையில் ஊன்றி
மறுகைமேல் தன் தொண்ணூறு கிலோவையும் சாய்த்தார்.
கண்ணிக்கு ஒரு கீறல்.
கட்டரின் வாயில் ஒரு பொக்கை.
"பத்து மில்லி வரைக்கும் இது புலி" என்றபடி
திருப்பி மாட்டினார்,
பொக்கை சுவரைப் பார்க்க.

அடுத்து பேட்டரி கிரைண்டர்.
மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்று
என்னையே அழுத்தச் சொன்னார்.
ஒரு பக்கம் பதினெட்டு வினாடி, மறுபக்கம் இருபது.
பொறி பறந்த வேகத்தில் கடைநாய் தெருவைத் தாண்டியது.
மனசு அங்கேயே விலை பேசிவிட்டது.
கைதான் கேட்டது:
அலை முகத்தில் அறையும்போது
இரண்டு கையும் இதற்கே என்றால்
என்னைப் பிடித்துக்கொள்வது யார்?
குளிரில் பேட்டரி விழித்திருக்குமா?
முறுக்கேறி நிற்கும் சங்கிலி அறுந்த நொடியில்
எந்தப் பக்கம் பாயும்?

ஹைட்ராலிக் வெட்டியும் இருந்தது.
விலைச்சீட்டைப் படித்தேன்.
தூங்கும் பிள்ளையை வைப்பதுபோல்
இருந்த இடத்தில் வைத்தேன்.

அப்போது கையுறை வாங்க வந்திருந்த
சிப்பி எடுக்கும் முக்குளிப்புக்காரி, யாஸ்னா வேரா,
சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டாள்:
"சங்கிலியின் மறுமுனையை எங்கே கட்டியிருக்கீங்க?"
பெட்டிக்குள், ஷேக்கிள் போட்டு,
கம்பி சுற்றி, மேலே துரு.
"கயிறு போடக் கூடாதா?" என்றாள்.
ஐம்பது பெசோ குறைகிறது, நாளைக்குத் தருகிறேன் என்று
மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

நானும் ஒவிதியோவும்
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
அவர் இருபத்தாறு வருஷமாக இரும்பு விற்கிறார்.
நான் பதினாலு வருஷமாக அந்தப் பெட்டியின்மேல்
உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன்.

நாலு பாகம் நைலான் வாங்கினேன்.
முழுச் சங்கிலியும் ஓடித் தீர்ந்தபின்
கயிறு மட்டும் தளத்துக்கு மேலே வந்து நிற்கும் நீளம்.
ஒரு மிதவையும் வாங்கினேன்,
விட்டதைப் பிறகு தேடி எடுக்க.
கிரைண்டரையும் வாங்கினேன்.
பயத்துக்குக் கணக்கு சொன்னால் புரியாது.

இப்போது சங்கிலிப்பெட்டி அருகே ஓர் ஆணி.
அதில் பல்வைத்த கத்தி,
ஆரஞ்சுப் பிடி, கையளவு நூல்.
காலையில் ரொட்டி அறுக்க
எலிசேயோ அதைத்தான் எடுக்கிறான்,
அந்த நகமில்லாத விரலால்.
துடைத்து அதே ஆணியில் மாட்டு என்கிறேன்.
வெண்ணெயோடு மாட்டுகிறான்.